மூன்றாம் எண் கிரேன்

கிளைபெடா துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி.
அதற்குள் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து
கீழே பார்த்துக்கொண்டிருப்பதுதான்
என் கணவன் வைதோதாஸின் வேலை.
ஏறினால் இறங்கமாட்டான்.
சிறுநீருக்கு ஒரு பாட்டில்,
மடியில் கறுப்பு ரொட்டியும் புகையில் வாட்டிய மீனும்.
கண்ணுக்கு வேலை, கைக்கு வேலை.
கால்கள் மட்டும் சும்மா இருந்தன,
பத்தொன்பது வருஷம்.

பிப்ரவரியில் இடது கெண்டைக்கால் வீங்கியது.
பூட்ஸ் புதுசு என்றான்.
மாடிப்படியில் மூச்சு வாங்கியது.
சிகரெட் என்றேன்.
ஆளுக்கொரு காரணம் கைவசம் இருந்தது.

திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து ஏணியில் இறங்கியவன்
கடைசி மூன்று படிகளைத் தொடாமலே தரைக்கு வந்தான்.
நினைவு தப்பியது ஒரு நிமிடந்தான் என்றார்கள்.
அந்த ஒரு நிமிடத்தில் அவன் தொப்பி
பனியில் உருண்டுபோய்த் தண்டவாளத்தில் கிடந்ததாம்.
யாரோ எடுத்து வந்து கொடுத்தார்கள்.

காலில் உறைந்த ரத்தம்
நுரையீரலில் போய் அடைத்திருந்தது.
ஊசி போட்டார்கள். பிராணவாயு வைத்தார்கள்.
ராத்திரி பத்து மணிக்கு உதட்டில் நிறம் வந்தது.
நான் வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்,
கனவுகூட இல்லாமல்.

விடிகாலையில் நர்ஸ் ஸ்கைத்ரே
என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.
"கொக்கி" என்றானாம்.
தமாஷ் என்று நினைத்துச் சிரித்திருக்கிறாள்.
தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டே மறுபடியும்
"கொக்கி, கொக்கி."
வலது கை படுக்கையிலிருந்து நழுவித் தொங்கிய பிறகுதான்
ஓடியிருக்கிறாள்.

டாக்டர் யுர்குதிஸ், மீசை சரியாக முளைக்காதவர்,
மதியச் சாப்பாட்டுச் சீட்டின் பின்பக்கம்
ஓர் இதயம் வரைந்தார்.
வலம், இடம், நடுவே சுவர்.
சுவரில் ஒரு கதவு.
பிறக்கும் முன் எல்லோருக்கும் உண்டாம்;
வயிற்றுப் பிள்ளைக்கு மூச்சு ஏது,
ரத்தம் நுரையீரலைச் சுற்றாமல்
அந்த வழியே குறுக்கில் போய்விடும்.
பிறந்து மூச்சு விட்டதும் சாத்திக்கொள்ளும்.
நாலில் ஒருவருக்குத் தாழ் விழுவதில்லை.

ஐம்பத்தோரு வருஷம் வெறுமனே சாத்திக் கிடந்த கதவு
நுரையீரல் அடைபட்டு, வலப்பக்கம் முட்டவும், திறந்துகொண்டது.
ஒரு துணுக்கு, எள்ளளவு,
பக்கம் மாறி, கழுத்தேறி,
பேச்சு இருக்கிற இடத்தில் போய் உட்கார்ந்தது.

"எல்லாம் காலிலா தொடங்கியது?"
"காலில்தான்."
"பூட்ஸ் புதுசு" என்றேன்.
அவரும் தலையாட்டினார், பாவம்.

இப்போது மே.
பெயர்கள்தான் போயின.
ரஷ்ய மொழிக் கெட்டவார்த்தைகள் ஒன்றுகூடச் சேதமில்லை.
பேச்சுப் பயிற்சிக்காரி அட்டையைக் காட்டுகிறாள்.
கோப்பை: "டன்."
நாய்: "காற்று."
குடை: கூரையைப் பார்க்கிறான், வியர்க்கிறான், திட்டுகிறான்.
சாவி: "சாவி."
மூன்று பேரும் பயந்துபோனோம்.

சமையலறையில் கையால்தான் பேசுகிறான்.
நான் சூப் ஊற்ற ஊற்ற,
இடக்கை, உள்ளங்கை கீழே, விரல்கள் மெல்ல:
இறக்கு, இன்னும் கொஞ்சம்.
முஷ்டி: நிறுத்து.
இத்தனை வருஷம் யாரோ தரையில் நின்று காட்ட
மேலிருந்து இவன் கீழ்ப்படிந்த சைகைகள்.
நான் இன்னும் சரியாகக் கற்கவில்லை,
நேற்றும் மேஜை நனைந்தது.

ஜன்னலில் மூன்றாம் எண் தெரியும்.
ஓட்டுகிறவன் புதுப் பையன்,
பெட்டியை ஆட்டி ஆட்டி வைக்கிறான்.
வைதோதாஸ் பார்க்கிறான்.
மாத்திரையை விழுங்கிவிட்டுத்
தெளிவாக, இலக்கணப் பிழையில்லாமல், ரஷ்ய மொழியில் திட்டுகிறான்.

என் பெயர் நியோலே.
அவன் வாயில் அது "திங்கட்கிழமை."
முதல் தடவை எழுந்து வெளியே போய்விட்டேன்.
பிறகு பல தடவை திருத்தினேன்,
நி, யோ, லே, உதட்டைப் பார் என்று.
உதட்டைப் பார்த்தான். திங்கட்கிழமை என்றான்.
கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவும் தேய்ந்துவிட்டது.

புதன் இரவு, குளியலறையிலிருந்து,
சோப்பு வழுக்கியதோ என்னவோ,
"திங்கள்!" என்று சத்தம்.

அடுப்பை அணைத்துவிட்டு,
வந்தேன் என்றேன்.